ஊசி முனை காணாமல் போன நாள்

எந்தெந்த நாடுகளால் ஒரு மனிதரை வேறொரு கிரகத்துக்கு அனுப்ப முடியும்? பள்ளியின் கடைசிப் பரீட்சையில் இந்தக் கேள்வி இரண்டு மதிப்பெண்ணுக்கு வந்தது. எனக்கு விடை தெரியவில்லை. பெரிய நாடுகள் என்று மனதில் பட்ட மூன்றின் பெயரை எழுதி, தெரிந்த மாதிரி அடிக்கோடும் போட்டுவிட்டு வந்தேன். ஸ்கேல் அக்காவின் கதை அதற்குப் பிறகுதான் என் காதுக்கு வந்தது. முன்பே வந்திருந்தால் அந்த இரண்டு மதிப்பெண் கிடைத்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று பெயர்களை அவ்வளவு சுலபமாக எழுதியிருக்க மாட்டேன்.

ஸ்கேல் அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. தொழில் தையல். புதிதாக வந்த ஒரு பரிசோதகர் அவர் போட்ட தையலின் மேல் எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். தையல் ஸ்கேலின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை போனது. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தையல் மேல் இல்லை, ஸ்கேல் மேல். அதைக் கண்ணுக்கு நேரே தூக்கி, கோணலாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

பதினாறு வருஷம் அவர் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தார். அவருடைய நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, அதே கம்பெனியில் கைப்பட்டி தைத்தாள். வேலை தெரிந்தவள், வாய் அதைவிட வேலை தெரிந்தது. ஊருக்கு வெளியே பாராசூட் தைக்கும் கூடம் ஒன்று திறந்தபோது இரண்டு பேரும் ஒன்றாகப் போய்க் கைவேலை காட்டினார்கள். நூற்றுப் பத்துப் பேர் வந்ததில் பதினாலு பேரை எடுத்தார்கள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின்.

அந்தக் கூடத்தில் தைத்தது சாதாரணப் பாராசூட் இல்லை. விண்வெளிக்குப் போன மனிதர்கள் உட்கார்ந்து திரும்பி வரும் பெட்டியைக் காற்றில் பிடித்து, மெதுவாகத் தரையில் இறக்குவதற்கானது. ஒரு பெட்டிக்கு மூன்று வேண்டும். கூடத்தில் எல்லோரும் அதைக் குடை என்றுதான் சொல்வார்கள். ஒரு குடைக்கு எழுபத்திரண்டு இதழ். முக்கோணமாக நீண்ட நைலான் துணி ஒவ்வொன்றும் ஓர் இதழ். இரண்டு இதழ் சேரும் இடத்தில் துணியை மடித்து, பட்டி வைத்து, நாலு வரிசை தைக்க வேண்டும். உள்ளே வளையல் கூடாது, கொண்டை ஊசி கூடாது, சேஃப்டி பின் கூடவே கூடாது. செருப்பை வெளியே விட்டு, துணி உறையைக் காலில் மாட்டிக்கொண்டு நுழைய வேண்டும். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டாரிடம் இவ்வளவு பயபக்தி காட்டவில்லை என்பாள் நாத்தனார்.

கூடத்துக்குத் தலைமை இன்ஜினியர் ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ். மேசை மேல் எது கிடந்தாலும் குனிந்து லென்ஸ் வழியாகத்தான் பார்ப்பார். அதனால் பூதக்கண்ணாடி சார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் பதினாலு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"ராக்கெட் மேல போறப்போ எல்லாரும் கை தட்டுவாங்க. ஆனா போனவன் திரும்பி வந்து இறங்கினாத்தான் அனுப்பினதுக்கே அர்த்தம். நிலாவுக்குப் போனாலும் சரி, நாளைக்கு இன்னொரு கிரகத்துக்கே போனாலும் சரி, கடைசியில நம்ம காத்துலதான் இறங்கணும். அப்போ அவங்க தலைக்கு மேல இருக்கப்போறது நீங்க போட்ட தையல்."

ஸ்கேல் அக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. காலர் தைத்த பதினாறு வருஷத்தில், அதைப் போடப்போகும் கழுத்தைப் பற்றி யாரும் அவரிடம் பேசியதில்லை.

இப்போது ஊசிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது. தையல் கூடங்களில் ஊசி உடைந்தால் ஒரு முறை உண்டு. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஓர் அட்டையில் ஒட்டுத்தாளால் ஒட்டி, முழு ஊசியாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி. துணிக்குள் துண்டு எதுவும் போகவில்லை என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி. இந்தக் கூடத்தில் அட்டையை வாங்க ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன் பின்னால் இருந்த பெரியவர் யார் யார் என்ன உடைத்தார்கள் என்று தேதி போட்டு எழுதி வைப்பார். அவருக்கு சித்ரகுப்தன் என்று பெயர் வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். நாத்தனார்தான்.

துண்டு கிடைக்காவிட்டால் அந்த ஆளுக்கு ஒரு மார்க், அதாவது கரும்புள்ளி. மற்ற தப்புகளுக்கும் அப்படித்தான். மூன்று மார்க் விழுந்தால் கேட்டுக்கு வெளியே. ஸ்கேல் அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த வாரத்தில் தாமதமாக வந்ததற்கு ஒன்று. தெரியாமல் உள்பாவாடையில் சேஃப்டி பின்னோடு நுழைந்து, வாசலில் இருந்த கருவி கத்தியதற்கு இன்னொன்று.

ஆறாவது குடை முடியும் தறுவாயில் இருந்தது. பதினொரு நாளில் சோதனை. ஆளில்லாத பெட்டி ஒன்றை விமானத்தில் ஏற்றி, உயரத்திலிருந்து கீழே போடுவார்கள். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது குடைகள் மூன்றும் விரிந்து அதை இறக்க வேண்டும். நாலும் ஐந்தும் மடித்து, அழுத்தி, பைக்குள் போய்விட்டன. பாராசூட்டைச் சும்மா சுருட்டி வைக்க முடியாது. எந்திரத்தால் அமுக்கி அமுக்கி, தட்டினால் மரக்கட்டை மாதிரிச் சத்தம் வரும்வரை இறுக்குவார்கள்.

மத்தியானம் மூன்று மணி. கடைசிக்கு முந்திய இதழ். மூன்று பட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் தடித்த இடம். டக். ஸ்கேல் அக்கா மெஷினை நிறுத்தினார். ஊசி மூன்று துண்டு. மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு மேசையில் கிடந்தது. முனை இல்லை. அரை அரிசி அளவுதான் இருக்கும் அந்த முனை.

காந்தத்தால் துணியைத் தடவினார். மேசையைத் தடவினார். தரையில் முட்டி போட்டுத் தடவினார். தன் மேலங்கியை உதறினார். பத்து நிமிஷம் போய்விட்டது.

"என்ன அண்ணி, தரையைத் துடைக்கிற வேலையும் சேத்துக் குடுத்துட்டாங்களா?" என்றாள் நாத்தனார், மெஷினை நிறுத்தாமல்.

"முனையைக் காணோம்டி."

மெஷின் நின்றது. நாத்தனார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தன் மேசையின் அடியில் கையை விட்டாள். அங்கே ஓர் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. அதில் ஏழெட்டு ஊசி முனைகள்.

"அடிப்பாவி! இங்கேயும் இந்த வேலை வெச்சிருக்கியா?"

"பதினாறு வருஷப் பழக்கம், ரெண்டு வருஷத்துல போயிடுமா? இந்தாங்க. உங்க ஊசி நம்பர்தான். ஒட்டிட்டுப் போங்க. சித்ரகுப்தனுக்கு அவன் மூக்கே சரியாத் தெரியாது."

சட்டைக் கம்பெனியில் இது எல்லோரும் செய்ததுதான். துண்டு கிடைக்காத நாளுக்கென்று பழைய முனைகளைச் சேர்த்து வைப்பார்கள். ஸ்கேல் அக்காவும் அங்கே இரண்டு மூன்று தடவை செய்திருக்கிறார். சட்டைக்குள் ஓர் ஊசி முனை இருந்தால் யாருக்கோ கழுத்தில் குத்தும். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். இப்போது கூடக் கை தானாக நீண்டது. தலை யோசிப்பதற்குள் முனை அட்டையில் ஒட்டிக்கொண்டது. சித்ரகுப்தன் மூன்று துண்டையும் விரலால் எண்ணினார், கையெழுத்துப் போட்டார், புது ஊசி கொடுத்தார். ஐந்தரைக்குள் குடை முடிந்தது. கடைசித் தையல் வழக்கம்போல ஸ்கேல் வைத்தது மாதிரி இருந்தது.

சாயங்காலம் அவர் நேராகக் கணவரின் கடைக்குப் போனார். கணவர் முடிதிருத்துபவர். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் உலகத்தில் தீராத வழக்கு எல்லாம் தீர்ந்துவிடும். ஸ்கேல் அக்கா அந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அங்கே ஒரே வழக்குதான். வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுபவர் முகம் நிறைய நுரையோடு நாற்காலியில் இருந்தார்.

"வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. வேற கிரகத்துக்கு மனுஷனை அனுப்புற நாடு எதுன்னு இவங்ககிட்ட சொல்லுங்க. ரஷ்யா, அமெரிக்கா, சீனா. மூணு. நான் சொன்னது சரிதானே?"

"வாயை அசைக்காதய்யா, வெட்டிடும்" என்றார் கணவர்.

ஸ்கேல் அக்கா பையை வைத்துவிட்டு, கடையில் துவைத்துக் காய்ந்த துண்டுகளை மடிக்க ஆரம்பித்தார். "அந்த மூணு நாடும் தன்னோட சொந்த ராக்கெட்ல ஆளை மேல அனுப்பி, பூமியைச் சுத்த வெச்சுத் திரும்பக் கொண்டுவந்தது. அதுல நிலாவுல ஆளை இறக்கினது ஒரு நாடுதான், அமெரிக்கா."

"அப்போ நிலா கிரகம் இல்லையா?" என்றது பெஞ்சு.

"இல்ல. நிலா நம்ம பூமியைச் சுத்துது. செவ்வாய்தான் கிரகம். அங்க மெஷினுங்களை அனுப்பியிருக்காங்க. மனுஷன் யாரும் இதுவரைக்கும் போகல. எந்த நாட்டு ஆளும் போகல. போகவே ஆறேழு மாசம் ஆகும். அங்க காத்தும் நம்ம காத்து மாதிரி இல்ல, நூத்துல ஒரு பங்குகூடத் தேறாது. வெறும் குடையை விரிச்சு இறங்கிட முடியாது."

"அப்போ என் மூணு நாடும் ஃபெயிலா?" சிலிண்டர்காரர் கண்ணாடி வழியாக முறைத்தார். "சரி, நம்ம நாடு?"

"நம்ம ராக்கெட்ல நாம இன்னும் ஒருத்தரையும் மேல அனுப்பல. இப்போதான் பெட்டியை விமானத்துல இருந்து போட்டுப் பாக்கப்போறாங்க."

"உங்க குடை விரியுமா?"

"விரியும்." இந்த வார்த்தையை அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். இன்றைக்குக் கையில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சிலிண்டர்காரர் கையைத் தூக்கினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. அந்தப் பெட்டியில என்னை உக்கார வெச்சு மேல இருந்து போடச் சொல்லுங்க. அக்கா தெச்சதுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு ஏறுவேன். என் சிலிண்டரையும் கூட ஏத்துவேன்."

கடை முழுக்கச் சிரித்தது. ஸ்கேல் அக்கா மடித்த துண்டை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

ஆட்கள் போனதும் கணவர் பெருக்க ஆரம்பித்தார். ஸ்கேல் அக்கா நடந்ததைச் சொன்னார். மறைக்காமல், சுற்றி வளைக்காமல், மூன்று வாக்கியத்தில்.

கணவர் துடைப்பத்தோடு நின்றார். "மூணாவது மார்க் ஆச்சே."

"ஆமா."

"நல்லாத் தேடிட்டியா?"

"தரையை நக்காத குறைதாங்க."

"சொல்லலன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டு ஏறுவேன்னு சொன்னாரே, அவருக்குத் தெரியாது. அதுதாங்க உறுத்துது."

கணவர் மறுபடி குனிந்தார். கொஞ்ச நேரம் பெருக்கினார். பிறகு, "உனக்கு நேரா இருந்தாத்தான் தூக்கம் வரும். தெரிஞ்சதுதானே. சொல்லிடு" என்றார்.

மறுநாள் காலை ஸ்கேல் அக்கா தன் மெஷினுக்குப் போகவில்லை. நேராக அமுக்கும் அறைக்குப் போனார். ஆறாவது குடை மடிப்பு முடிந்து பைக்குள் பாதி இறங்கியிருந்தது. எந்திரம் ஓட்டுபவரின் கை பிடியில் இருந்தது. பூதக்கண்ணாடி சார் பக்கத்தில் நின்றார்.

"நிறுத்துங்க" என்றார் ஸ்கேல் அக்கா. தன் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

"என்னம்மா?"

"நேத்து என் ஊசி உடைஞ்சுது சார். முனை கிடைக்கல. வேற ஒரு முனையை அட்டையில ஒட்டிக் குடுத்துட்டேன். நிஜ முனை இந்தக் குடைக்குள்ள இருக்கலாம். அமுக்கினா மடிப்பு எல்லாத்தையும் குத்திடும்."

சார் கையைக் காட்டி எந்திரத்தை நிறுத்தினார். சித்ரகுப்தனை அட்டையோடு வரச் சொன்னார். லென்ஸை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இது நம்ம ஊசியே இல்ல. பூச்சு வேற. இது எங்க இருந்து வந்துச்சு?"

"அது என் பாடு சார். ஒட்டினது நான்."

"எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன்."

ஸ்கேல் அக்கா முன்பு சொன்னதையே திருப்பிச் சொன்னார். அதற்குள் அறை வாசலில் நாத்தனாரின் குரல் கேட்டது. செய்தி கூடத்துக்கு நடந்து போகவில்லை, பறந்து போயிருந்தது.

"சார், அண்ணியை ஏன் வறுக்கிறீங்க? என் மேசைக்கு வாங்க. வந்து குனிஞ்சு பாருங்க. மேல இல்ல, அடியில."

சார் வந்தார். குனிந்தார். ஒட்டுத்தாளைப் பார்த்தார். அப்படியே முட்டி போட்டபடி அடுத்த மேசையின் அடியையும் பார்த்தார். அதற்கடுத்த மேசை. அதற்கடுத்தது. பதினாலு மேசையில் ஐந்தில் ஒட்டுத்தாள் இருந்தது. எல்லாம் சட்டைக் கம்பெனிகளிலிருந்து வந்தவர்களின் மேசை. எல்லாத் தாளிலும் முனைகள், சிலதில் முனைகள் எடுத்த தடம். இரண்டு வருஷமாக அந்த மேசைகளின் மேற்பரப்பை அங்குலம் அங்குலமாக லென்ஸால் பார்த்த மனிதர், அடியில் ஒரு தடவையும் பார்த்ததில்லை. தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ எந்த அட்டை உண்மை, எந்த அட்டை பொய்?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

ஐந்து மேசைக்காரிகளையும் ஸ்கேல் அக்காவையும் அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்து பேருக்கு விசாரணை முடியும்வரை. ஸ்கேல் அக்காவுக்கு மூன்றாவது மார்க் போட்டாயிற்று, அதனால் அநேகமாக ஒரேயடியாக. சோதனை தள்ளிவைக்கப்பட்டது. இறுக்கிக் கட்டிய குடைகளையும் பிரிக்கிறார்கள் என்று வாட்ச்மேன் மூலம் தெரிந்தது.

ஏழு நாள் ஸ்கேல் அக்கா கணவரின் கடையில் துண்டு துவைத்தார், கண்ணாடி துடைத்தார், முடி கூட்டினார். அழவில்லை. வேறு வேலை தேடவும் இல்லை. "கூப்பிடுவாங்க" என்று மட்டும் சொன்னார்.

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். "உண்மையைப் பேசி உலகத்தைக் காப்பாத்தியாச்சு. இப்போ தாடி மயிரைக் கூட்டுங்க அண்ணி."

"கூட்டுறேன். அதையும் நேராக் கூட்டுவேன். நீ காலைத் தூக்கு."

"உங்களால எனக்கும் வேலை போச்சு. கோவம் வரணும். வர மாட்டேங்குது, அதுதான் கோவமா வருது."

எட்டாம் நாள் பத்து மணிக்குப் பூதக்கண்ணாடி சார் கடைக்குள் நுழைந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. முகத்தில் எட்டு நாள் தாடி. பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றார். கணவர் நாற்காலியைத் தட்டினார்.

"உக்காருங்க சார். எதுவா இருந்தாலும் முகத்தைப் பாத்துப் பேசலாம். முதல்ல முகம் வெளிய வரட்டும்."

சார் உட்கார்ந்தார். துணி போர்த்தி, நுரை பூசி, கத்தி இறங்கியது. ஸ்கேல் அக்கா பின்னால் நின்றார். இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

"ஆறாவது குடையை மூணு தடவை பிரிச்சுப் பாத்தோம். அதுல ஒண்ணும் இல்ல. உங்க முனை உங்க மெஷினோட எண்ணெய்த் தட்டுல கிடந்துச்சு."

"அய்யோ!" நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "அப்போ அண்ணி சும்மாவே போய்..."

"இரும்மா. சொல்லி முடிக்கலை. அஞ்சாவது குடையைப் பிரிச்சோம். உச்சியில, வட்டமா ரெண்டு மடிப்பு வருமில்ல, அந்த இடத்துல ஒரு முனை. அமுக்கினதுல மூணு அடுக்குத் துணியைக் குத்திக்கிட்டு நின்னுச்சு. காத்து நிரம்பி இழுத்தா கிழிசல் அங்க இருந்துதான் ஆரம்பிச்சிருக்கும்."

கத்தி அப்படியே நின்றது. 

"யாரோட முனைன்னு தெரிஞ்சுதா?" என்றார் ஸ்கேல் அக்கா.

"தெரியாது. தேடவும் இல்ல. ஆறு பேரையும் நீக்கிடலாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நான் உங்களைக் கேட்டுட்டு வர்றேன்னு வந்தேன்."

"என்னைக் கேக்க என்ன இருக்கு சார்?"

"இது ஏன் நடந்துச்சுன்னு நீங்கதான் சொல்ல முடியும். லென்ஸ்ல தெரியல."

ஸ்கேல் அக்கா கையில் இருந்த துண்டைத் தோளில் போட்டார். பேசத் தொடங்கியதும் நிறுத்தவில்லை.

"முனை தொலைஞ்சா மார்க்னு வெச்சீங்க சார். யாராவது வேணும்னு தொலைப்பாங்களா? தொலைஞ்சதைச் சொன்னா தண்டனை, மறைச்சாப் புது ஊசி. அப்போ ஜனங்க மறைக்கத்தான் கத்துக்கும். இந்தக் கடையில தினமும் ஒரே சண்டை. எந்த நாடு வேற கிரகத்துக்கு ஆள் அனுப்பும்னு. ராக்கெட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். ஊசி தொலைஞ்சுதுன்னு சொன்னவளை வெளிய தள்ளுற நாடு அனுப்பாது. அனுப்பினாலும் போனவன் திரும்பி வரமாட்டான்."

சார் நுரைக்குள்ளிருந்து, "என்ன செய்யணும்?" என்றார்.

"தொலைச்சதுக்கு மார்க் இருக்கக் கூடாது. இந்த ஆறு பேரும் உள்ள வரணும். அவ்வளவுதான்."

"நான் மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்லம்மா. ஆபீஸ்ல பேசிப் பாக்கறேன்."

கணவர் கத்தியைத் துடைத்து மடக்கினார். அதுவரை வலது கன்னம் மட்டும்தான் முடிந்திருந்தது.

"பேசிட்டு வாங்க சார். இடது பக்கம் ஓடிப் போகாது."

சார் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பாதி முகம் மொழுமொழு, பாதி முகம் எட்டு நாள் காடு. முதலில் சிரித்தது நாத்தனார். பிறகு பெஞ்சு. கடைசியில் சாரே சிரித்துவிட்டு, போர்த்திய துணியோடு வாசலுக்குப் போய் போனை எடுத்தார். நுரை காய்ந்து உதிரும்வரை பேசினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கட்டத்தில் அவர் குரல் உயர்ந்தது. "இவங்க வெளிய போயிட்டா, அடுத்த முனை தொலையறப்போ என்கிட்ட யார் சார் வந்து சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?"

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு பேரும் திங்கக்கிழமை வரலாம். தொலைச்சதுக்கு மார்க் கிடையாது. உடனே கத்தணும், கூடம் முழுக்க நிறுத்திட்டுத் தேடணும். அதுதான் இனிமே விதி. ஆனா உங்க மூணாவது மார்க்..." இழுத்தார். "பொய்த் துண்டு ஒட்டினதுக்குப் போட்டது. அதை அழிக்க மாட்டேன்னுட்டாங்க. கேட்டுக்கு வெளிய அனுப்ப மாட்டாங்க. ஆனா ஆறு மாசத்துக்கு உங்க முத்திரை கிடையாது. குடையில கை வைக்க முடியாது. பழகுற துணியிலதான் தைக்கணும்."

அந்தக் கூடத்தில் ஒவ்வொரு தையல்காரருக்கும் ஒரு நம்பர் முத்திரை உண்டு. தைத்த இதழில் அதைக் குத்துவார்கள். அது இல்லையென்றால் கூடத்தில் அவர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

"இது அநியாயம் சார்" என்றாள் நாத்தனார். "முனையைக் குடுத்தது நான்."

"வாயை மூடுடி. ஒட்டின கை என்னோடது." ஸ்கேல் அக்கா சாரைக் கண்ணாடியில் நேராகப் பார்த்தார். "தொலைச்சதுக்குப் போட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். பொய் ஒட்டினதுக்குப் போட்டது சரிதான். ஆறு மாசம் தைக்கிறேன். என்னங்க, சாருக்கு இடது பக்கத்தையும் முடிச்சு விடுங்க."

இரண்டு மாதம் கழித்துச் சோதனை நடந்தது. விமானம் பெட்டியைப் போட்டது. கூடத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, வெளி வாசலில் ஒரே போனைச் சுற்றி நின்றார்கள். முதல் குடை விரிந்தது. இரண்டாவது விரிந்தது. மூன்றாவது கொஞ்சம் தயங்கிவிட்டு, பூ மாதிரி மெதுவாகத் திறந்தது. ஐந்தாவதற்குப் பதிலாகப் புதிதாகத் தைத்த குடை அது. அதில் ஸ்கேல் அக்காவின் தையல் ஒன்றும் கிடையாது. சந்தோஷத்தில் கத்தியவர்களில் அவர் குரல்தான் பெரிது என்கிறார்கள்.

முத்திரை ஆறாம் மாதம் கைக்கு வந்தது. நம் நாட்டின் சொந்த ராக்கெட்டில் இன்னும் யாரும் மேலே போகவில்லை. ஸ்கேல் அக்கா இப்போது ஒன்பதாவது குடையில் இருக்கிறார். கூடத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை யாராவது "முனையைக் காணோம்!" என்று கத்துகிறார்கள். பதினாலு மெஷினும் நிற்கின்றன. பூதக்கண்ணாடி சார் உட்பட எல்லோரும் தரையில் முட்டி போடுகிறார்கள்.

இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னும் ஒருவருக்குச் சொல்லுங்கள். ஒரு பொருள் தொலைந்தாலோ, ஒரு கணக்கு தப்பினாலோ, ஒரு திருகு குறைந்தாலோ சொல்லப் பயப்படும் ஆள் உங்கள் பக்கத்து மேசையில் இருக்கலாம். அவருக்கு முதலில் சொல்லுங்கள். அவருக்கு மார்க் போடும் இடத்தில் யாராவது இருந்தால், அவர்களுக்குக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.